கொளுக்கியும் சேம அச்சும்

சென்ற மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பாலபண்டிதர் வகுப்பு மாணாக்கருக்குப் புறநானூற்றின் 102ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உப்பு வணிகர் பாரம் மிகுந்த வண்டியோடு நெடுவழி செல்கின்றனர். பூட்டிய எருதுகளோ இளமையானவை; நுகத்தடியிற் பழகாதவை. வழியிற் பள்ளமும் வரும், மேடும் வரும். இன்ன இடத்தில் இன்னது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் இயலாது. ஆதலின் அவர்கள் வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதுவே சேம அச்சு. தந்தைக்கு இடர் வரும்போது உதவக் காத்திருக்கும் மைந்தனை அந்த அச்சுக்கு ஒப்பிட்ட நுட்பத்தை நான் விரித்துக்கொண்டிருக்கையில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அச்சு முறிஞ்சால் மாத்து அச்சு இருக்குது. கொளுக்கி முறிஞ்சால் என்ன செய்யிறது?"

வகுப்புச் சிரித்தது. முதலில் நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "உப்பு வணிகரின் வண்டியில் ஏது தம்பி கொளுக்கி?" என்று கேட்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் சாளரத்தின் வழியே வேப்பமரத்தடியைக் காட்டினான். அங்கே அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பின்னே ஒரு சிறு வண்டில் பூட்டப்பட்டிருந்தது.

அவன் செம்மண் பகுதியைச் சேர்ந்த தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. தந்தையார் இல்லை. தாயார் பயிரிடும் கத்தரியையும் வெங்காயத்தையும் மரவள்ளியையும் விடியுமுன் சுன்னாகம் சந்தையில் இறக்கிவிட்டு அவன் வகுப்புக்கு வருவான். முன்பெல்லாம் லாண்ட்மாஸ்ரர் என்று ஊரார் அழைக்கும் இருசில்லு உழவியந்திரத்தைக் கூலிக்குப் பிடித்துப் பெட்டியில் ஏற்றிச் செல்வார்களாம். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் அற்றுப்போய், கூலியும் எட்டாத உயரத்துக்கு ஏறியபோது அது நின்றது. அவ்வாண்டு ஜூலையிலே தொடங்கிய பங்கீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்தது. அந்த 4 லீற்றரைக் கொண்டு குடும்பத்தைக் காக்க வழி என்னவென்று எண்ணியபோது பிறந்தது இந்த வண்டில். பழைய ஹொண்டா எம்.டி. 90 ஒன்று, இரண்டு பழைய சில்லுகள், கட்டிற் சட்டத்து இரும்பு, பலகை. பங்கீடு நீங்கிய பின்னரும் வண்டில் நீங்கவில்லை. கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது என்பதே காரணம்.

நான் அருகிற் சென்று பார்த்தேன். பலகைப் பெட்டி நேர்த்தியாக இருந்தது. மோட்டார் சைக்கிளையும் வண்டிலையும் இணைக்கும் இடந்தான் என் நெஞ்சைத் திடுக்கிடச் செய்தது. சாமான் வைக்கும் கரியலின் பின்விளிம்பில் ஒரு வளையத்தை ஒட்டியிருந்தார்கள். வண்டிலின் ஏர்க்கால் நுனியிலும் ஒரு வளையம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு தடித்த ஆணியைச் செருகி இறுக முடுக்கியிருந்தார்கள். அவ்வளவே. அதன் உயரம் ஏறத்தாழ ஓட்டுபவனின் இருக்கை மட்டம். ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. அவன் வினாவின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அன்று மாலை ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "பண்டிதருக்குப் பட்டறையில் என்ன வேலை?" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரெனினும், அவ்வேடிக்கையின் உள்ளே நம்மவரின் நெடுநாளைய எண்ணம் ஒன்று இருக்கிறது. அச்சு, ஆர், குறடு, நுகம், சகடம் என்னும் சொற்களுக்கெல்லாம் நிகண்டு காட்டிப் பொருள் உரைப்போம்; ஆயின் தெருவிலே ஓடும் வண்டிலின் அடியிற் குனிந்து பார்ப்பதை இழிவெனக் கருதுவோம். உரையாசிரியர்கள் அப்படிக் கருதியவர்களல்லர். பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைச் சொல்லவந்து, நுகத்தடியின் நடுவிற் செருகிய ஆணியை உவமை காட்டுகிறார். பகல் என்ற அச்சொல்லுக்குப் பகலாணி எனப் பொருள் சொன்னவர்கள் நுகத்தைக் கண்ணாற் கண்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும். வலத்து எருதுக்கும் இடத்து எருதுக்கும் பாரம் ஒப்ப அமைவது அந்த ஆணி நடுவில் நிற்பதனால். மோட்டார் சைக்கிளுக்கும் அதே விதி. கொளுக்கி நடுக்கோட்டிலிருந்து சிறிதளவு விலகினாலும் வண்டில் ஒருபுறமாக இழுத்து ஓட்டுபவனின் கையை ஓயாது வருத்தும்.

ஆயினும் மாட்டு வண்டிலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அதனை அறியாமையே இத்தகைய கொளுக்கிகள் முறிவதற்குக் காரணம்.

எருது வளைவிலே சாய்வதில்லை. மோட்டார் சைக்கிள் சாயும், சாயாவிடின் திரும்பமாட்டாது. அதன் பின்னே வரும் இருசில்லு வண்டிலோ சாயாது. முன்னது சாய, பின்னது நிமிர்ந்து நிற்க, இரண்டுக்கும் இடைப்பட்ட இணைப்பு முறுக்குண்கிறது. இறுக முடுக்கிய ஆணி இடமும் வலமும் திரும்ப இடங்கொடுக்கும். மேலும் கீழும் அசையச் சிறிதே விடும். முறுக்குக்குச் சற்றும் இடங்கொடாது. இடங்கொடாத இரும்பு ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாகக் களைத்து ஒருநாள் வெடிக்கும். மாணாக்கருக்கு இதை விளக்க நான் கழுத்தையே எடுத்துக்காட்டினேன். ஆம் என்று தலையசைக்கிறோம். அது மேல்கீழ் அசைவு. இல்லை என்று அசைக்கிறோம். அது இடவல அசைவு. தலையைத் தோளிற் சாய்க்கிறோம், அது மூன்றாவது. இம்மூன்றையும் செய்யவல்ல கழுத்து எதுவோ அதுவே கொளுக்கி. ஒன்றை மட்டும் செய்வது கதவுப் பிணைச்சல். கதவுக்குப் பொருத்தமானது வண்டிலுக்குப் பொருந்தாது.

பழைய மாட்டு வண்டிலில் நுகத்தை ஏர்க்காலோடு கயிற்றாற் பிணைத்தார்கள். இரும்பு அகப்படாமையால் அன்று. கயிறு இளகிக்கொடுக்கும் என்பதால். ஓர் எருது பள்ளத்தில் இறங்க மற்றது மேட்டில் நின்றாலும் நுகம் முறியாமல் சாய்ந்துகொள்ளும். திருக்கல் வண்டிலில் ஏறிச் சவாரி விட்டவர்களைக் கேட்டால் அந்தக் கட்டின் அருமையைச் சொல்வார்கள். நாம் இரும்பைக் கண்டவுடன் இறுக்குவதே உறுதி என்று எண்ணிவிட்டோம்.

அற்றேல் என்ன செய்வது? எங்கள் விஞ்ஞான ஆசிரியரும், ஊரிலே இரும்பு ஒட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும், அம்மாணவனும், நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் இருந்தோம். பாடப்புத்தகத்தில் தோள்மூட்டையும் இடுப்பு மூட்டையும் பந்துக் கிண்ண மூட்டு என்பர். ஓர் இரும்புக் குண்டு, அதனைக் கவ்வும் கிண்ணம். மூன்று அசைவும் அதில் உண்டு. இவ்வளவு சிறிய பாரத்துக்கு அது போதும். அது கிடையாதவர்க்குப் பட்டறைக்காரர் வேறொரு வழி சொன்னார். பழைய சைக்கிளின் முன்கவர் திரும்பும் குழாயைக் குண்டுமணிகளோடு அறுத்தெடுத்து ஏர்க்காலின் நுனியிலே நெடுக்குவாட்டிற் படுக்கவைத்தால், அது முறுக்கை ஏற்கும். மற்ற இரண்டு அசைவுக்கும் பழைய மோட்டார் வண்டியின் சிலுவை மூட்டு ஒன்று போதுமானது. புத்தகம் படித்த எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை.

உயரம் அடுத்தது. கொளுக்கி பின்சில்லின் அச்சு மட்டத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்குமோ அவ்வளவு நன்று. இருக்கை மட்டத்தில் வைத்தால், பிறேக் பிடிக்கும்போது வண்டில் முன்னோக்கித் தள்ளும் தள்ளுதல் உயரத்திற் படும். பின்சில்லு இலேசாகி நிலத்தைவிட்டு வழுக்கும். கரியலிற் பூட்டுதல் கூடவே கூடாது. கரியல் அரிசிப் பை வைப்பதற்கு உண்டானது, இழுப்பதற்கு உண்டானதன்று. சட்டகத்திலேயே, பின்புறத்து அதிர்வுதாங்கிகளின் மேல்முனை பொருந்தும் இடத்திலிருந்து இரண்டு கைகளும், கால்மிதி பொருந்தும் இடத்திலிருந்து இரண்டு கைகளுமாக இரும்பு இறக்கி, அவை கூடுமிடத்திலே குண்டை அமைக்க வேண்டும்.

பாரம் ஏற்றுவதிலும் முறை உண்டு. பெட்டியின் பின்புறம் பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி மோட்டார் சைக்கிளின் பின்புறத்தைத் தூக்கும். வண்டில் வாலாட்டத் தொடங்கும். முன்புறம் மிகுந்தால் முன்சில்லு இலேசாகிக் கைபிடி மிதக்கும். மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொளுக்கியின்மேல் அமையவேண்டும். 100 கிலோ ஏற்றினால் நுனியைக் கையால் தூக்கும்போது 10 கிலோ தோன்றவேண்டும். இதனை வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம்.

இவற்றினும் கடுமையானது நிறுத்துதல். வண்டிலுக்கு பிறேக் இல்லை. மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவனும் சேர்ந்து 150 கிலோ என்று கொள்வோம். வண்டிலும் பாரமும் 150 கிலோ என்று கொள்வோம். தடுக்கும் விசை அதுவேயாக இருக்கத் திணிவு இரட்டித்தால், நிற்கும் தூரமும் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தாலோ அத்தூரம் நான்கு மடங்காகும். வளைவிலே பிறேக் பிடித்தால் வண்டில் பின்சில்லைப் பக்கவாட்டில் தள்ளி ஆளைக் கவிழ்க்கும். மலைநாட்டிலே இத்தகைய வண்டிலை நினைக்கவும் கூடாது. சுண்ணக்கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கும் நமது குடாநாட்டில் இது இயல்வதே நிலத்தின் அருள். வண்டிலும் பாரமும் கூடி மோட்டார் சைக்கிளின் எடையைத் தாண்டலாகாது என்பது என் கருத்து. பட்டறைக்காரர் இதை ஒப்பவில்லை. "அப்படியெண்டால் ஒருத்தரும் உழைக்கேலாது ஐயா" என்றார். பீலியையும் அளவின்றி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவர் அதை அறிவார். சந்தைக்காரருக்குத்தான் சொல்லவேண்டும் என்றார்.

இவ்வளவு அக்கறை எனக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். அதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

1990ஆம் ஆண்டு மூண்ட போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்கலம் இல்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறு போத்தல் ஒன்றிலே மருந்துபோலப் பேணிய பெற்றோலில் சில துளியை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். தெருவெல்லாம் அந்தப் புகையின் மணம். அந்நாளிலே ஜப்பானிய ஹொண்டா நிறுவனத்தின் சிறு வண்டிகள் நமக்குத் தெய்வம்போல இருந்தன. 1958இல் முதன்முதலாக வெளிவந்த அதன் கப் வகை, 49 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கொண்டது. 2017இல் அவ்வகையின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டிற்று. அதனை ஆக்கியவர்கள் அது மண்ணெண்ணெய் குடித்து விறகு வண்டில் இழுக்கும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவிலே செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். அப்போது நான் இருபதுகளின் நடுவில் இருந்த மாணவன். என் ஆசிரியர் முதியவர், தனியர். அவரிடம் பொருள் என்று இருந்தவை இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றிலே அச்சுப் புத்தகங்கள். மற்றதிலே சில ஏட்டுச் சுவடிகளும், சேனாவரையர் உரைக்கு அவர் முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்புகளும். என் தமையனாரின் ஹொண்டாவுக்குப் பின்னே விறகேற்றும் சிறு வண்டில் ஒன்றைப் பூட்டி அப்பெட்டிகளை ஏற்றினோம். கொளுக்கி அன்று மாலை ஒருமணி நேரத்திற் செய்தது. இரும்பு ஒட்ட மின்சாரம் இல்லை. கொல்லர் ஒருவர் துருத்தி ஊதிக் காய்ச்சி வளைத்த கம்பியைக் கரியலில் மாட்டி ஆணியால் முடுக்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவரும் அன்றிரவே புறப்பட வேண்டியவர்.

மழை பெய்தது. இருள். செம்மணி வெளியில் இருபுறமும் நீர். நடுவில் ஒடுங்கிய தெரு. அதில் நிலங்காணாதபடி மக்கள். மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. தமையனார் உருட்டினார், நான் வண்டிலைப் பிடித்து நடந்தேன். பாலத்துக்கு முன்னே நெரிசலில் ஒதுங்கியபோது வண்டிலின் இடச்சில்லு தெருவோரத்தை விட்டு இறங்கிற்று. வண்டில் சரிந்தது. கொளுக்கி முறுக்கை ஏற்கும் வகையினதாக இருந்தால் வண்டில் மட்டும் சாய்ந்திருக்கும். நான்குபேர் தூக்கி நிமிர்த்தியிருப்போம். அது முறுகாத கம்பி. கரியலைப் பிய்த்துக்கொண்டு வண்டில் கவிழ்ந்து நீரிலே போயிற்று. மோட்டார் சைக்கிள் தமையனாரின் காலின்மேல் விழுந்தது. பின்னே வந்த கூட்டம் நிற்க இயலாதது, நின்றால் மிதிபடுவோம். கைக்கு எட்டிய ஒரு பெட்டியை இழுத்தெடுத்தேன். விடிந்தபின் தென்மராட்சியிலே ஒரு கோயில் மண்டபத்தில் திறந்து பார்த்தோம். அச்சுப் புத்தகங்கள் இருந்தன. எந்தக் கடையிலும் வாங்கக்கூடியவை.

ஆசிரியர் அந்தப் பெட்டியை மெல்ல மூடினார். தமையனாரின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மற்றப் பெட்டியைப் பற்றி அவர் இறக்கும்வரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொல்லரைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. அந்த ஒருமணி நேரத்திலே அவரால் இயன்றதை அவர் செய்தார். ஆயின் ஒரு முழச் சங்கிலி இருந்திருந்தால் என்று நான் எண்ணாத மழைநாள் இல்லை.

இதனாலேயே சங்கிலியைப் பற்றி நான் விடாப்பிடியாகப் பேசுகிறேன். இரண்டு சங்கிலிகள் வேண்டும். அவை கொளுக்கியிற் பூட்டப்படாமல், மோட்டார் சைக்கிளின் சட்டகத்திலேயே தனியாகப் பூட்டப்படவேண்டும். கொளுக்கியோடு சேர்ந்து முறிவது சேமமாகாது. ஏர்க்காலின் கீழே அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லவேண்டும். கொளுக்கி விட்டுப்போனால் ஏர்க்காலின் நுனி நிலத்திற் குத்தாமல் அச்சங்கிலித் தொட்டிலிலே விழுந்து தங்கும். திரும்புவதற்குப் போதிய நீளம் இருக்கலாம். நிலத்தைத் தொடும் நீளம் ஆகாது. உப்பு வணிகரும் தம் சேம அச்சை வண்டியின் கீழேதான் கட்டினார்கள்.

பட்டறைக்காரர் இதற்கும் ஒரு தடை சொன்னார். வண்டில் கழன்று போனால் ஓட்டுபவன் பிழைப்பான். சங்கிலி இருந்தால் அவனையும் இழுத்து விழுத்தும் என்றார். தள்ளிவிடத்தக்க தடையன்று அது. ஆயினும் 150 கிலோ பாரம் தலைவனின்றித் தெருவிலே உருண்டோடும்போது எதிரே பள்ளிக்கூடத்துப் பிள்ளை வருமாயின் என்ன ஆகும்? வண்டிலைக் கொண்டுவந்தவன் வண்டிலின் தீங்கையும் தானே ஏற்கவேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, சங்கிலி எத்தனை நூல் பருமன் வேண்டும் என்று கேட்டார்.

போர்க்காலத்தில் நம்மவர் செய்த புதுமைகளைப் பற்றிப் பெருமை பேசுவோர் பலர். பேசுதல் தகும். ஆனால் அவற்றுள் எத்தனையை அளவோடும் படத்தோடும் எழுதிவைத்தோம்? ஒரு பட்டறையிலே ஒட்டியதை மற்றப் பட்டறை பார்த்து ஒட்டும்; முதலாமவன் செய்த பிழை நூறு வண்டிலிற் பெருகும். எந்தக் கொளுக்கி முறிந்தது, ஏன் முறிந்தது என்பது அந்தந்த வீட்டோடு அடங்கிப்போகும். சுவடிகளிலே பிழைபட்ட பாடம் பரவுவதும் இவ்வாறே. பாட வேறுபாடு ஆராய்ந்து பதிப்பிக்கும் பயிற்சி பெற்ற நாம் இதற்கு உதவலாகாதோ? மானிப்பாயிலே மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதினார். தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். என்பும் மூட்டும் நரம்பும் தமிழிற் பேசின. நாவலர் பெருமான் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் அவர். பிறநாட்டார் ஒருவர் தோள்மூட்டைத் தமிழில் எழுதிய மண்ணிலே, நாம் கொளுக்கியின் மூட்டை எழுதத் தயங்குவது நன்றன்று.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நண்பர் ஒருவர் இக்கருவிக்கு இழுவையிணைப்பான் என்று பெயரிடலாம் என்றார். வேண்டா. ஊரார் வாயிலே கொளுக்கி என்ற சொல் இருக்கிறது. கொள் என்னும் அடியிற் பிறந்து, கொளுவுதல் என வினையாகி, சட்டைக்கும் சங்கிலிக்கும் கதவுக்கும் வழங்குகிறது. தமிழகத்து வாசகருக்கு இது சிறிது புதிதாகத் தோன்றலாம். நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ழகரமிட்டு எழுதுவோர் உளர். ளகரமே சொற்பிறப்புக்கு இயைவது என்பது என் துணிபு. இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு இல்லாத சொல்லைப் படைப்பது கலைச்சொல்லாக்கம் அன்று.

கம்போடியா நாட்டிலே மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குப் பின்னே கூரையிட்ட வண்டிலைக் கொளுவி ஆட்களை ஏற்றிச் செல்வது பெருவழக்கு. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ரெமோர்க் என்ற பெயரால் அதனை அழைக்கிறார்கள். அங்கே அதுவும் ஓர் ஊர்தி. அதனை நம்பி வாழ்வோர் எண்ணற்றவர். இங்கோ இது ஒளித்து ஓடும் ஊர்தியாக இருக்கிறது. விடியுமுன் ஓடி, காவலரைக் கண்டால் ஒழுங்கைக்குள் மறையும் வண்டிலில் விளக்கும் இராது, பின்னே சிவப்புக் கண்ணாடியும் இராது, ஒளிப்பவன் விளக்கேற்றுவானா? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தார் இதனை ஆராய்ந்து, இன்ன பாரம், இன்ன மூட்டு, இன்ன சங்கிலி, இன்ன வேகம் என்று ஒரு மாதிரியை வகுத்து வெளியிடவேண்டும் என்பது என் வேண்டுகோள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் சோதித்துச் சொல்ல, பண்டிதர்கள் நல்ல தமிழில் எழுத, ஒரு சிறு கைநூல் வெளிவருவதற்கு எத்தனை நாள் செல்லும்? வகுத்தபின் மீறுவோரைத் தண்டிக்கட்டும். வகுக்காமலே பறிப்பது ஒரு தாயின் கத்தரிக்காயைப் பறிப்பதாகவே முடியும்.

மாணவனின் வண்டிலைப் பட்டறைக்காரர் திருத்திக் கொடுத்துவிட்டார். குண்டு அச்சு மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. சங்கிலிகள் இரண்டும் உண்டு. பின்னே சிவப்பு விளக்கும் எரிகிறது. பாரந்தான் இன்னும் மிகுதி; சென்ற சனிக்கிழமையும் தராசிட்டுப் பார்த்துக் கடிந்துகொண்டேன். வெங்காயம் அழுகுமுன் விற்கவேண்டும் என்று தாயார் சொன்னாராம். அடுத்த முறை இரண்டு நடையாகக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் வகுப்புக்கு ஒருமணி நேரம் பிந்தும். பிந்தட்டும் என்றேன்.

செய்த அளவுகளையெல்லாம் அவன் ஒரு தாளிலே படத்தோடு எழுதித் தந்திருக்கிறான். புறநானூற்றுப் புத்தகத்தில், அந்த 102ஆம் பாட்டு உள்ள பக்கத்திலே வைத்திருக்கிறேன். தலைப்பிலே கொழுக்கி என்று ழகரமிட்டு எழுதியிருக்கிறான். பட்டறைக்காரர் ஒரு பிரதி கேட்டார். வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறார்களாம். திங்கட்கிழமை பிரதி செய்வித்துக் கொடுப்பேன்.